பாலும் இல்லை, கறியும் இல்லை: இரும்புச்சத்துக்கு என்ன வழி?

இரண்டு வருடம் முன்பு பாளையங்கோட்டையில் ஒரு ரத்ததான முகாமுக்குத் தோழிகளோடு போயிருந்தேன். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், கையடக்க மெஷின். "10.2 தான் இருக்கும்மா, எடுக்க முடியாது" என்றார் செவிலியர். ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருக்கணும். ஆறுதலுக்கு ஒரு பிஸ்கெட் பாக்கெட் கொடுத்தார்கள். அதில் பால் பவுடர் இருந்ததால் அதையும் தோழியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்போது நான் நனிசைவத்துக்கு மாறி எட்டு மாதம். வீகன் என்று சொன்னால் பலருக்கும் புரியும். கறி, மீன், முட்டை கிடையாது, அதோடு பால், தயிர், நெய், தேனும் கிடையாது. விஷயம் தெரிந்ததும் வீட்டில் தீர்ப்பு ரெடி. "பாலை விட்டா ரத்தம் சுண்டாம என்னட்டி செய்யும்?" என்று ஆச்சி சத்தம் போட்டார்.

அதே மாதம் முக்கூடலில் இருக்கும் என் சித்திக்கும் பரிசோதனை செய்தோம். சித்தி பீடி சுற்றுகிறவர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குது என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு 8.6. சித்தி நனிசைவம் எல்லாம் இல்லை, மீன் குழம்பு என்றால் உயிர். ஆனால் மீன் வாங்குவது மாதத்தில் இரண்டு மூன்று நாள்தான். மற்ற நாட்களில் அவர் தட்டும் என் தட்டும் ஒன்றுதான். நான் கொள்கைக்காகச் சாப்பிட்டதை அவர் காசு இல்லாததால் சாப்பிட்டார். இந்தக் கட்டுரை எங்கள் இரண்டு பேர் மாதிரி உள்ளவர்களுக்கு.

முதலில் ஆச்சிக்குப் பதில். பாலில் இரும்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதிலிருக்கும் கால்சியம், கூடச் சாப்பிடுகிற இரும்பை உடம்பு இழுத்துக்கொள்வதைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். ஆகவே இரும்புக் கணக்கில் பால் குடிக்கிற சைவத்துக்கும் குடிக்காத நனிசைவத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கறி, மீனில் உள்ள இரும்பில் ஒரு பங்கு உடம்பில் எளிதாகச் சேரும் வகை. தாவர உணவில் இருப்பது முழுவதும் சேரச் சிரமப்படுகிற வகை. வித்தியாசம் அங்கேதான். அதற்காகக் கறி சாப்பிட்டால் தப்பித்தோம் என்றும் இல்லை. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவர்களில் பெரும்பாலோர் அசைவம் சாப்பிடுகிறவர்கள்தான்.

தாமிரபரணிக் கரையில் சிவகளையில் கிடைத்த இரும்பு 5,300 ஆண்டு பழையது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தபோது அலுவலகத்தில் எல்லோரும் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு என் ரத்தப் பரிசோதனைச் சீட்டுதான் ஞாபகம் வந்தது.

தட்டில் எவ்வளவு இருக்கு?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆணுக்கு 19 போதும். கர்ப்பிணிக்கு 27. நம் உணவில் இருக்கும் இரும்பில் நூற்றுக்குப் பத்துகூட உடம்பில் சேராது என்று வைத்துப் போட்ட கணக்கு இது, அதனால்தான் எண் பெரிதாகத் தெரிகிறது.

இப்போது அரிசியைப் பாருங்க. அதே நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணையில் 100 கிராம் பச்சரிசியில் இருப்பது 0.65 மில்லிகிராம். மூன்று வேளையும் சோறு, இட்லி என்று 300 கிராம் அரிசி உள்ளே போனாலும் 2 மில்லிகிராம்தான் வரும். என் விடுதி நாட்களில் நனிசைவம் என்ற பெயரில் நான் சாப்பிட்டது புளியோதரை, ரசம் சோறு, ஊறுகாய், கட்டஞ்சாயா. ரத்தம் எங்கிருந்து வரும்?

பீட்ரூட்டும் மாதுளையும் ரத்தத்தைக் கூட்டும் என்று பலர் சொல்லுவாங்க. நிறம்தான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டிலும் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. பேரீச்சம்பழத்தில் இருக்கு, ஆனால் நாலைந்து பழத்தில் 2 மில்லிகிராம் தாண்டாது. விலைக்கு அது கட்டுப்படியாகாது. வெல்லமும் அப்படித்தான். 100 கிராமில் நாலரை மில்லிகிராம் இருந்தாலும், ஒரு டம்ளர் காப்பிக்குப் போடுகிற துண்டில் அரை மில்லிகிராம் வந்தால் அதிகம்.

சரி, எதில்தான் இருக்கு? நம்ம ஊர் அடுப்படியிலேயே இருக்கு. காணத்தில் (மற்ற ஊர்களில் கொள்ளு) 100 கிராமுக்கு 8.8 மில்லிகிராம். கம்பில் 6.4, கறுப்புக் கொண்டைக்கடலையில் 6.8, சிறுபயறில் 4.9, கேழ்வரகில் 4.6, முருங்கைக்கீரையிலும் கிட்டத்தட்ட அதே 4.6. கறுப்பு எள்ளில் 14 மில்லிகிராம் வரை. இதில் எதுவும் சூப்பர் மார்க்கெட்டில் பளபளப்பான டப்பாவில் வாங்க வேண்டிய பொருள் இல்லை. நான் கடைசியாக வாங்கினபோது காணம் கிலோ 90 ரூபாய். மகாராஜநகர் உழவர் சந்தையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை 10 ரூபாய். அதுவும் பக்கத்து வீட்டில் முருங்கை மரம் இருந்தால் சும்மாவே கிடைக்கும்.

நெல்லைக்காரர்களுக்கு உளுந்தம்பருப்புச் சோறு பற்றிச் சொல்லத் தேவையில்லை. தொலி உளுந்தும் அரிசியும் பூண்டும் வெந்தயமும் தேங்காயும் போட்டு ஒரே பானையில் பொங்குவது. தொட்டுக்க எள்ளுத் துவையல் இல்லாமல் அது இலைக்கு வராது. ஒரு கை உளுந்து, இரண்டு ஸ்பூன் எள், அதிலேயே 5 மில்லிகிராம் ஆச்சு. கூட்டாஞ்சோறும் அப்படித்தான். பருப்பும் காய்கறியும் முருங்கைக்கீரையும் சேர்ந்து வெந்தால்தான் அதற்குக் கூட்டாஞ்சோறு என்று பெயர். நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் விட்டால் இரண்டும் முழு நனிசைவம். தேங்காய்ப்பாலில் செய்கிற சொதியும் பிறவியிலேயே நனிசைவம்தான். இரும்புக் கணக்கில் அது பெரிய ஆள் இல்லை. ருசிக்காகச் சொல்கிறேன்.

ஒரு நாள் உட்கார்ந்து முழுக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். அரிசி 200 கிராம், கம்பு 100, காணம் 50, உளுந்து 50, துவரம்பருப்பு 50, கொண்டைக்கடலை 50, முருங்கைக்கீரை 100, எள் 20, நிலக்கடலை 30. எல்லாம் சேர்த்து 28 மில்லிகிராம் பக்கம் வந்தது. ரேஷன் அரிசியும் ரேஷன் பருப்பும் என்று வைத்தால் அன்றைய செலவு 50 ரூபாய்க்குள். ஆனால் ஒரு ஆள் ஒரே நாளில் 200 கிராம் பருப்பு, பயறு சாப்பிடுவது லேசான வேலை இல்லை. சித்தியிடம் இந்தப் பட்டியலைக் காட்டினேன். "இதெல்லாம் சமைச்சுக்கிட்டு இருந்தா பீடி யாரு சுத்துவா?" என்றார். அதுவும் நியாயம்தான். தினமும் 29 எட்டணும் என்று மல்லுக்கட்டுவதைவிட, சாப்பிடுகிற 15, 18 மில்லிகிராமில் அதிகம் உடம்பில் சேரும்படி பார்ப்பது சுலபம். செலவும் குறைவு.

சேர வைப்பது கொய்யா, தடுப்பது டீ

தாவர இரும்பு சேர்வதற்கு வைட்டமின் சி கூடவே இருக்கணும். கூட என்றால் அதே வேளை, அதே சாப்பாட்டோடு. காலையில் நெல்லிக்காய், மதியம் கீரை என்றால் பலன் இல்லை. பலரும் சொல்வது, கீரையில் எலுமிச்சை பிழியுங்க என்று. நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன், புளியங்குடி எலுமிச்சை பக்கத்திலேயே விளைகிற ஊர் வேறு. கணக்குப் பார்த்தால் ஒரு முழு எலுமிச்சைச் சாற்றில் 15 மில்லிகிராம் வைட்டமின் சி வந்தால் பெரிசு. நாம் பிழிவது அதில் பாதி. அதே நேரம் 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கு. அரைக் கொய்யாப்பழம் ஆறேழு எலுமிச்சைக்குச் சமம். பெரிய நெல்லிக்காயும் கொய்யாவுக்குச் சளைத்ததில்லை. எலுமிச்சை வேண்டாம் என்று சொல்லவில்லை, அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்க. சூட்டில் கொதித்தால் இருக்கிற கொஞ்சமும் போயிடும். ஆனால் சாப்பாடு முடிந்த கையோடு அரைக் கொய்யா சாப்பிடுவதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்கிறதிலேயே மலிவான, பலனுள்ள வேலை.

ஏகாதசி விரதம் இருந்து துவாதசி அன்று விரதம் முடிக்கிற வீடுகளில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் கண்டிப்பாக இருக்கும். கீரை இரும்பு, நெல்லி வைட்டமின் சி. எந்தக் காரணத்துக்காக ஆரம்பித்ததோ, ஜோடி சரியான ஜோடி.

பூண்டு, வெங்காயம் பற்றியும் ஒரு வார்த்தை. மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தானியத்தோடும் பருப்போடும் இவற்றைச் சேர்த்து ஆய்வுக்கூடத்தில் சோதித்ததில், உடம்பு எடுத்துக்கொள்ளத்தக்க இரும்பின் அளவு கூடியது. மனிதர்களிடம் செய்த சோதனை அல்ல அது, ஆனாலும் உளுந்தஞ்சோற்றில் பத்துப் பல் பூண்டு போடுவதற்கு எனக்கு அது போதும். பயறு வகைகளை இரவே ஊறவைத்து, முடிந்தால் முளை கட்டிச் சமைத்தால் இரும்பைப் பிடித்து வைக்கிற பைட்டேட் என்ற பொருள் குறையும். இட்லி மாவு புளிக்கும்போதும் அதுதான் நடக்கிறது. புளிக்குழம்பை இரும்புச்சட்டியில் வைத்தால் சட்டியிலிருந்தும் கொஞ்சம் இரும்பு குழம்பில் இறங்கும். நான்ஸ்டிக் சட்டியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இப்போது டீக்கு வருவோம். 1983ல் வெளியான ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கப் டீ குடித்தவர்களுக்கு இரும்பு சேர்வது 64 சதவீதம் குறைந்தது. காப்பிக்கு 39 சதவீதம். அவர்கள் சாப்பிட்டது ஹாம்பர்கர், அதாவது கறி. கறிச் சாப்பாட்டுக்கே அந்தக் கதி என்றால் நம்ம கீரைச் சோற்றின் நிலையை யோசிச்சுக்குங்க. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காப்பியும் அதே அளவு தடுத்தது, ஒரு மணி நேரம் முன்னால் குடித்தது தடுக்கவில்லை. ஆகவே டீயோ காப்பியோ சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது இரண்டு மணி நேரம் கழித்து. பால் சேர்க்காத டீ என்பதால் விதிவிலக்கு கிடையாது, தடுக்கிறது தேயிலைதான்.

சித்தியின் நாளை எண்ணிப் பார்த்தேன். காலையில் எழுந்ததும் ஒன்று. இட்லியோடு ஒன்று. மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு பதினொரு மணிக்கு ஒன்று. மதியச் சோறு முடிந்ததும் தூக்கம் வராமல் இருக்க ஒன்று. நாலு மணிக்கு ஒன்று. கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டு வந்து ஒன்று. பசியை அடக்குவதும் டீதான், வேலையை ஓட்டுவதும் டீதான். அதை விடு என்று சொல்வது என் வாயில் சுலபமாக வரும். நான் கேட்டது இரண்டை மட்டும். இட்லியோடு வேண்டாம், மதியச் சோற்றுக்குப் பின்னால் வேண்டாம்.

ரேஷன் கடையில் கிடைப்பது

அரிசி அட்டை வைத்திருப்பவர்களுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வெளியே அதன் விலை உங்களுக்கே தெரியும். அரிசி மட்டும் வாங்கிக்கொண்டு பருப்பை விட்டுவிடாதீங்க.

செறிவூட்டப்பட்ட அரிசி பற்றி 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தார். பிறகு ரேஷன் கடைகளுக்கு வந்தது. சாதாரண அரிசி 100 மணிக்கு ஒரு மணி வீதம், அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் வார்த்த மணிகளைக் கலப்பார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்கணும். அப்படி என்றால் 200 கிராமில் குறைந்தது ஐந்தரை மில்லிகிராம். சாதாரண அரிசியில் அது ஒன்றேகால்தான். இந்த மணிகள் நிறத்தில் கொஞ்சம் மாறியிருக்கும், சில நேரம் தண்ணீரில் மிதக்கும். உடனே "பிளாஸ்டிக் அரிசி" என்று வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டுவிடுவார்கள். எங்கள் தெருவிலேயே முறத்தில் போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தவர்கள் உண்டு. பொறுக்கி எறிவது பிளாஸ்டிக்கை அல்ல, இரும்பை. உங்க கடை அரிசியில் இந்த மணிகள் இருந்தால் ரொம்பத் தேய்த்துக் கழுவாமல், கஞ்சி வடிக்காமல், அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்குங்க. தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளணும். பொருள் தரவில்லை, அளவு குறைவு என்றால் 1967க்குப் போன் செய்யலாம்.

இரும்பும் அயோடினும் சேர்ந்த இரட்டைச் செறிவூட்டப்பட்ட உப்பை ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகம் தயாரிக்கிறது. கிடைத்தால் வாங்குங்க. இரும்பு கிடைக்கும் என்று உப்பைக் கூடுதலாகப் போட வேண்டாம், ரத்த அழுத்தம் ஏறிவிடும்.

சாப்பாடு மட்டும் போதாத இடம்

இதுவரை சொன்னதெல்லாம் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ள. ஏற்கெனவே குறைந்துவிட்டால் காணமும் கீரையும் தனியாக அதைச் சீக்கிரம் ஏற்றாது. நான் இதை ஒத்துக்கொள்ளவே ஒரு மாதம் ஆச்சு. முருங்கைக்கீரையிலேயே சரி செய்து காட்டுகிறேன் என்று வீம்பாக இருந்தேன். அரசு கொடுக்கும் ஒரு இரும்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு. அதைக் கீரையில் எடுக்க ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வேண்டும்.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே, ஆணுக்கு 13க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 8க்குக் கீழே (கர்ப்பிணிக்கு 7க்குக் கீழே) என்றால் கடுமையானது, நாள் கடத்தக் கூடாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் பரிசோதனை இலவசம், மாத்திரையும் இலவசம். மேற்கொண்டு பார்க்கணும் என்றால் ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு மருத்துவமனை உண்டு. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104க்குப் பேசுங்க. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நீல மாத்திரையும் இதே இரும்பும் ஃபோலிக் அமிலமும்தான். பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வருகிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்குங்க.

மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லி நேரத்தையோ அளவையோ மாற்றிக்கலாம். டீ, காப்பியோடு விழுங்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரையும் தருவார்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நனிசைவர்களுக்கு ஒரு தகவல்: தனியார் கடைகளில் விற்கும் இரும்புச்சத்து கேப்சூல்களின் உறை பெரும்பாலும் ஜெலட்டின், விலங்கிலிருந்து எடுப்பது. சுகாதார நிலையத்தில் தருவது கேப்சூல் அல்ல, மாத்திரை.

எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு இருந்தால் எவ்வளவு சாப்பிட்டாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான், அதை வெட்கப்படாமல் சொல்லணும். வயலில் வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு இருக்கலாம். அதற்கு ஒரே ஒரு பூச்சி மாத்திரை. நனிசைவர்களுக்கோ வைட்டமின் பி12 பெரிய சிக்கல். இந்த இடத்தில் ஆச்சி சொன்னது சரி. பாலை விட்டால் பி12 வருகிற வழி அடைந்துபோகும். கீரை, பயறு, புளித்த மாவு எதையும் நம்ப முடியாது, செறிவூட்டிய அரிசியில் இருப்பது தேவையில் சிறு பங்கு. கை கால் மதமதப்பு, மறதி, நாக்கு எரிச்சல் இருந்தால் இரும்பு மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருக்காமல் பி12 பரிசோதனை கேளுங்க. அறிகுறி இல்லாவிட்டாலும் நனிசைவத்தில் இருக்கிறவர்கள் மருத்துவர் சொல்கிற அளவில் பி12 மாத்திரை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நான் எடுக்கிறேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது எனக்கு 12.1. ரத்தம் கொடுக்க அது இன்னும் போதாது. சித்திக்கு 10.4, மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இட்லியோடு குடித்த டீயை விட்டுவிட்டார். மதியச் சோற்றுக்குப் பிறகு உள்ளதை விட்டாரா என்று கேட்டால் மட்டும், "கொய்யாப்பழம் வாங்கிட்டு வந்தியா?" என்று பேச்சை மாற்றுகிறார்.